பார்க் கணக்கும் நில அடங்கலும்: தூத்துக்குடியில் மாசுற்ற ஆலைநில மதிப்பீட்டின் வரலாற்றுச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடித் தாமிர உருக்காலை 2018ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதனை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு தள்ளுபடி செய்தது. ஆலை நின்ற நிலத்தையும் அதனைச் சூழ்ந்த நிலங்களையும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருமுன் அவை எவ்வளவு மாசுற்றுள்ளன என மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டுக்கு வேண்டிய தொடக்கநிலைப் பதிவு ஏன் உருவாகவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இதே கடற்கரையில் முத்துப் பார்களுக்கு அரசு கையாண்ட ஆய்வு முறையையும் கரைநிலத்தின் வருவாய் ஆவணங்களையும் ஒப்பிட்டு, அடங்கல் முதலிய பதிவேடுகளை மாசு மதிப்பீட்டுக்குச் சான்றாகப் படிக்க இயலும் என முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: தூத்துக்குடி, முத்துப் பார், தாமிரக் கசடு, உப்பாற்று ஓடை, அடங்கல், மாசுற்ற நிலம், மறுபயன்பாடு

1. முன்னுரை

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூவர் உயிரிழந்தனர். ஆறு நாள் கழித்து, மே 28 அன்று, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை நிரந்தரமாக மூடும் அரசாணையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 18 அன்று அம்மூடலை நிலைநிறுத்தியது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆலை இயங்கலாமா என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. அந்நிலம் இனி என்னவாகும் என்ற வினா இத்தீர்ப்புகளின் எல்லைக்குள் வரவில்லை.

இவ்வினா ஏட்டளவிலானது அன்று. ஆலையின் விரிவாக்கத்துக்கென ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 342 ஏக்கரைச் சிப்காட் நிறுவனம் 2018 மே இறுதியிலேயே திரும்பப் பெற்றது. அதே மாவட்டத்தின் சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. துறைமுகம், விமான நிலையம், நான்குவழிச் சாலை ஆகியவை அமைந்த ஒரு நகரில் நிலத்துக்கான தேவை ஏறிக்கொண்டேயிருக்கும். தூத்துக்குடி 2008ஆம் ஆண்டில்தான் மாநகராட்சியாயிற்று. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தை எட்டவில்லை. இத்தகைய சிறு நகரங்களில் பழைய ஆலைநிலம் ஊரின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதில்லை. குடிநீர்க் கிணறும் மேய்ச்சல் தரையும் அதன் வேலியை ஒட்டியே இருக்கின்றன.

மாசினை மதிப்பிடுவது அடிப்படையில் ஓர் ஒப்பீடு. இன்றைய மண்ணில் இவ்வளவு ஆர்செனிக் உள்ளது என்று ஆய்வகம் கூறலாம். அதில் எவ்வளவு ஆலையால் வந்தது, எவ்வளவு மண்ணிலேயே இருந்தது என்பதைக் கூற முன்னைய நிலை தெரிய வேண்டும். தூத்துக்குடியில் தட்டுப்பாடு இந்த முன்னைய நிலைக்குத்தான். வியப்பு என்னவெனில், இந்த ஊரில் கடலடிக்கு அத்தகைய பதிவு நெடுங்காலமாக இருந்தது.

2. கடலடிக்கு இருந்த கணக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திட்டுகள் ‘பார்’ எனப்படும். தூத்துக்குடிக்கு எதிரே அவை ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. முத்துக்குளித்தலின் பழமை குறித்துக் கொற்கை தொடங்கிப் பலரும் எழுதியுள்ளனர். இக்கட்டுரைக்கு வேண்டியது குளிப்புக்கு முன் நடந்த ஆய்வு முறை மட்டுமே.

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும், பார்களை ஆராயாமல் குளிப்பை அறிவிப்பதில்லை. ஆய்வுப் படகில் முக்குளிப்போர் அழைத்துச் செல்லப்படுவர். ஒவ்வொரு முழுக்கிலும் எத்தனை சிப்பி கிடைத்தது, அவற்றின் வயது என்ன, பார் எவ்வளவு பரப்பில் படர்ந்துள்ளது என்பன குறிக்கப்படும். சிப்பி முதிர்ந்திருப்பதாகத் தோன்றினால், மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பி எடுத்து அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை வல்லுநர் மதிப்பிடுவர். அந்த மதிப்பீடு ஏற்றதாயிருந்தால்தான் சிலாபம் நடக்கும். இல்லையேல் அந்த ஆண்டு பார் மூடியே கிடக்கும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட குறிப்புகளும், ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் அளித்த அறிக்கையும் இத்தகைய ஆய்வுகளின் தொடர்ச்சியிலேயே எழுந்தன.

இப்பதிவுகளில் கவனத்துக்குரியவை இரண்டு. முதலாவது, சிப்பி இல்லாத ஆண்டும் அவற்றில் இடம்பெற்றது. ஒரு பாரில் ஒன்றுமில்லை என்பதும் அரசுக்கு ஒரு செய்தியாக இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் குளிப்புக்குப்பின் தூத்துக்குடிப் பார்களில் வணிக அளவிலான குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் மூச்சுக் கருவியணிந்து பார்களில் இறங்கி ஆய்வைத் தொடர்ந்தனர். இரண்டாவது, சிப்பி அழிந்தபோது அதற்கான காரணங்கள் போட்டியிட்டன. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தியதால் நீரோட்டம் மாறியதா, சூரன் எனப்படும் மட்டி படர்ந்து சிப்பியை மூச்சடைக்கச் செய்ததா, சங்குக்குளிப் படகுகள் பாரைக் குலைத்தனவா எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலர்கள் தமக்குள் வாதிட்டுள்ளனர். அவ்வாதத்துக்கு முடிவு கிடைத்ததா என்பதைவிட, வாதிடுவதற்கு ஆண்டுவாரிப் பதிவு கையிலிருந்தது என்பதே இங்கு முதன்மையானது.

இம்முறையைப் போற்றிப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசு கடலடியை எண்ணியது கடலின் நலங்கருதியன்று, வருவாய் கருதி. பரதவர், கடையர், மரைக்காயர் ஆகியோரின் உடலுழைப்பும் பாரறிவும் அந்தப் பட்டியல்களில் பெயரின்றி மறைந்தன. கரையில் தெரியும் கோயில், கோபுரம், பனைமரம் ஆகியவற்றைக் குறியாகக் கொண்டு பாரைக் கண்டுபிடித்தவர் அவர்களே. எனினும், மதிப்புடையது என்று கருதப்பட்டதால் கடலடி எண்ணப்பட்டது. கரை எண்ணப்படாமற்போனதற்கான காரணம் இதன் மறுபக்கம்.

3. ‘தரிசு’ என்னும் சொல்

தூத்துக்குடிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள கிராமங்கள் பெரும்பாலும் மானாவாரி நிலங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒருபோகம் விளையும். கரையை நெருங்க நெருங்க உப்பளங்கள். 1870களில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்த நிலவரித் திட்டம் மண்ணைக் கரிசல், செம்மண், மணல் என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தரம் வைத்தது. 1879இல் ஸ்டூவர்ட் தொகுத்த மாவட்டக் கையேடும், 1917இல் பேட் எழுதிய கெசட்டியரும் இந்த வகைப்பாட்டையே பின்பற்றின. தரம் என்பது தீர்வை விதிப்பதற்கான அளவுகோல். எந்த நிலம் எவ்வளவு கொடுக்கும் என்பதைத்தான் அது அளந்தது. கொடுக்க இயலாத நிலம் ‘தரிசு’, ‘புறம்போக்கு’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கியது.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டைகளுக்கு இடம் தேடியபோது இச்சொற்கள் பயன்பட்டன. பயிர் குறைந்த வறண்ட நிலம் தொழிலுக்கு ஏற்றது என்ற எண்ணம் அந்தக் காலத்தின் பொதுக்கருத்து. அதில் தீய எண்ணத்தைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு ஒட்டிவந்த ஒரு முடிவு உண்டு. மதிப்பில்லாத நிலத்தின் நீரையும் மண்ணையும் முன்கூட்டி அளப்பதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

தாமிர உருக்காலை முதலில் மகாராட்டிரத்தின் இரத்தினகிரியில் அமையவிருந்தது. அங்கு 1993இல் எழுந்த எதிர்ப்பால் பணி நின்றது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1994 ஆகஸ்டில் தடையின்மைச் சான்று வழங்க, மத்திய அரசின் சுற்றுச்சூழல் இசைவு 1995 ஜனவரி 16 அன்று கிடைத்தது. இந்தக் கால வரிசை முக்கியமானது. 1994 ஜனவரியில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மழைக்காலம் தவிர்ந்த ஒரு பருவத் தரவை மட்டும் கொண்ட ‘விரைவு மதிப்பீட்டை’ ஏற்றது. பொது விசாரணையோ 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கட்டாயமாயிற்று. மழைக்காலத்தை விட்டுவிட்ட ஓர் அளவீடு தூத்துக்குடிக்கு ஏன் பொருந்தாது என்பதை உள்ளூர் உழவர் எவரும் சொல்லிவிடுவர்: உப்பாற்று ஓடையில் நீர் பெருகுவதும், கிணறுகள் ஊறுவதும், மண்ணில் படிந்தது கீழே இறங்குவதும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

தடையின்மைச் சான்றின் நிபந்தனைகள் இரண்டு பின்னர் நீதிமன்றங்களில் நெடிது விவாதிக்கப்பட்டன. ஆலை சூழலியல் முக்கியத்துவமுடைய பகுதியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது ஒன்று. ஆனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தூத்துக்குடித் தொகுதித் தீவுகள் அதனினும் அருகில் உள்ளன. ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலப் பசுமை வளையம் அமைய வேண்டும் என்பது மற்றொன்று. அது 25 மீட்டராகக் குறைக்கப்பட்டது. வளையம் சுருங்கியதன் விளைவை நில மதிப்பீட்டாளர் நோக்கிலும் காண வேண்டும். ஆலைக்கும் அயலார் நிலத்துக்கும் இடையே இருந்திருக்கவேண்டிய, எளிதில் மாதிரி எடுக்கத்தக்க இடைநிலம் இல்லாமற்போயிற்று.

4. வேலிக்குள்ளும் வெளியிலும்

ஆலை இயங்கத் தொடங்கியபின் அளவீடுகளுக்குக் குறைவில்லை. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நீரி, 1998 முதல் 2011 வரை பலமுறை ஆய்ந்து அறிக்கை அளித்தது. அதன் 1998ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி உயர் நீதிமன்றம் ஆலையைச் சிலகாலம் மூடியது. அடுத்த ஆண்டு அறிக்கை ஆலைக்குச் சாதகமாக அமைந்தது. 2010 செப்டம்பர் 28 அன்று ஆலையை மூட ஆணையிட்ட உயர் நீதிமன்றம், நீரியின் 2005 அறிக்கையைச் சுட்டி, ஆலை வளாகமே கடுமையாக மாசுற்றுள்ளது என்றும், மண் மாதிரிகளில் கண்ட ஆர்செனிக் அளவு முழு வளாகத்தையும் அபாயகரக் கழிவாக வகைப்படுத்தப் போதுமானது என்றும் குறித்தது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூடல் ஆணையை நீக்கியது. எனினும் 1997 முதல் 2012 வரை நேர்ந்த கேட்டுக்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, அதன் வருவாயை ஆலைச் சுற்றுப்புறத்தின் நீரையும் மண்ணையும் மேம்படுத்தச் செலவிடுமாறு பணித்தது.

ஆலை வளாகம் மாசுற்றது என்ற கருத்து இவ்வாறு மூடலுக்குப் பல ஆண்டுகள் முன்பே நீதிமன்ற ஆவணத்தில் ஏறிவிட்டது. ஆயினும் அந்த அறிக்கைகள் அனைத்தும் ஒரே வினாவுக்கு விடையாகத் தயாரிக்கப்பட்டவை: ஆலை விதிகளுக்கு உட்பட்டு இயங்குகிறதா? புகைபோக்கி, கழிவுநீர், சேமிப்புக் குட்டை ஆகியவற்றை மையமிட்ட அவ்வாய்வுகளை, நிலத்தைக் குடியிருப்புக்கோ வேறு தொழிலுக்கோ விடலாமா என்ற வினாவுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. இன்று பழைய அறிக்கைகளை அடுக்கிவைத்து மதிப்பீடு முடிந்தது எனக் கருதுவோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

மேலும், மாசு வேலிக்குள் நிற்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஏப்ரல் 9 அன்று ஆலையின் இயக்க இசைவைப் புதுப்பிக்க மறுத்தபோது ஐந்து காரணங்களைக் கூறியது. நிலத்தடி நீர் ஆய்வு அறிக்கைகளை அளிக்காமை, அபாயகரக் கழிவுக்கான அனுமதியின்மை, காற்றில் ஆர்செனிக் உள்ளிட்ட கன உலோகங்களை அளக்காமை, ஜிப்சம் குட்டையை உரிய முறையில் அமைக்காமை ஆகிய நான்கும் ஆலையின் நடவடிக்கை பற்றியவை. ஐந்தாவது நிலம் பற்றியது: உப்பாற்று ஓடையை ஒட்டியும் தனியார் பட்டா நிலங்களிலும் கொட்டிய தாமிரக் கசடு அகற்றப்படவில்லை. கசடு நச்சற்றது, தாழ்ந்த நிலத்தை மேடாக்க ஏற்றது என்பது நிறுவனத்தின் வாதம். அவ்வாதம் சரியா என்பதை வேதியியலார் தீர்க்கட்டும். எந்த நில அளவை எண்களில், எந்த ஆண்டில், எவ்வளவு உயரத்துக்குக் கொட்டப்பட்டது என்பது வரலாற்றாய்வாளர் தீர்க்கவேண்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்த வெள்ளத்துக்குப்பின், ஓடைக்கரையில் இன்று காணும் மேடு நேற்றைய மேடுதானா என்ற ஐயமும் சேர்ந்துகொள்கிறது.

வேலியின் போதாமையைக் கொடைக்கானல் முன்னரே காட்டியிருக்கிறது. அங்கு வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பொதுவெளிக்கு வந்தது வளாகத்துக்குள் நடந்த சோதனையால் அன்று. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதால். கழிவு எங்கே விற்கப்பட்டது என்ற தடத்தைப் பின்தொடர்ந்தபோதுதான் மாசின் பரப்பு வெளிப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வளாக மண்ணைத் தூய்மையாக்குவதற்கான அளவாக ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என வகுக்கப்பட்டது. அதைச் சுற்றிய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் விட்டுச்சென்ற குரோமியக் குவியல், ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழிந்தும் அகலாமல் நிலத்தடி நீரைக் கெடுத்துவந்தது. போபாலில் 1984 பேரழிவுக்குப்பின் எஞ்சிய 337 டன் கழிவு நாற்பதாண்டு கழித்து, 2025 தொடக்கத்தில்தான் பிதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. வளாகத்தின் மண்ணும் நிலத்தடி நீரும் அந்த 337 டன்னுக்குள் அடங்கவில்லை.

5. அடங்கலைச் சான்றாகப் படித்தல்

அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் வளர்ந்த தள மதிப்பீட்டு முறையில், மண்வெட்டி நிலத்தில் படுவதற்கு முன் ஒரு கட்டம் உண்டு. அது முழுக்க ஆவண ஆய்வு. பழைய வான்வழிப் படங்கள், நகர முகவரி ஏடுகள், சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த கட்டட வரைபடங்கள் ஆகியவற்றைக் கொண்டு, எந்த இடத்தில் எந்தத் தொட்டி இருந்தது, எந்த ஆண்டில் அகற்றப்பட்டது என்பதை மீட்டெடுப்பர். மாதிரி எங்கே எடுப்பது என்பதை அந்த ஆய்வே முடிவுசெய்யும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சான்போர்ன் வரைபடம் இல்லை. ஆனால் புல வரைபடமும், ‘அ’ பதிவேடும், ஒவ்வொரு பசலியிலும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலும் உள்ளன. காப்பீட்டு வரைபடத்தைப் போலவே இவையும் சூழலுக்காக உருவானவை அல்ல. எனினும் ஒவ்வொரு நில அளவை எண்ணிலும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எது பாசன மூலம், எது தரிசு என்பன ஆண்டுதோறும் அடங்கலில் ஏறுகின்றன. மீளவிட்டான், தெற்கு வீரபாண்டியாபுரம், குமாரரெட்டியாபுரம் முதலிய ஊர்களின் அடங்கலை, ஆலை இயங்கத் தொடங்கிய 1996ஐ ஒட்டிய பசலி 1406க்கு இருபதாண்டு முன்பிருந்து இன்றுவரை வரிசைப்படுத்தினால், எந்தக் கிணற்றுப் பாசனம் எப்போது நின்றது, எந்தப் புஞ்சை எப்போது தரிசானது என்ற வரைபடம் கிடைக்கும். காற்று வீசும் திசையிலும் ஓடை இறங்கும் திசையிலும் அந்தத் தரிசு கூடுதலாகப் படர்ந்திருக்குமானால், மாதிரிக் குழிகள் அங்கே தொடங்க வேண்டும். அவ்வாறு படரவில்லையெனில் அதுவும் ஒரு விடையே. பார் ஆய்வில் வெறுமையும் பதிவானதைப் போல.

இச்சான்றின் குறைகளை மறைத்தல் தகாது. அடங்கலில் முந்தைய ஆண்டின் பதிவை அப்படியே படியெடுக்கும் வழக்கம் வருவாய்த்துறையை அறிந்தோர்க்குப் புதிதன்று. ஜமீன் ஊர்களாயின் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே அரசின் நில அளவைப் பதிவுகள் தொடங்கும். ஒரு நிலம் தரிசாவதற்கு மழைப் பொய்ப்பு, கூலி உயர்வு, வெளியூர்ப் பெயர்ச்சி, மனைவிற்பனை ஆசை எனப் பல காரணங்கள் உண்டு; அனைத்தையும் உருக்காலையின் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது. இதனால்தான் பாம்பன் கால்வாய்க்கும் சூரனுக்கும் இடையிலான பழைய வாதத்தை மேலே எடுத்துக்காட்ட நேர்ந்தது. போட்டியிடும் காரணங்களைப் பிரித்தறிய ஆலைத் தொலைவில் இல்லாத, அதே மண்ணும் அதே மழையும் உடைய ஓர் ஊரின் அடங்கலையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். 2018இல் மத்திய அரசு மாநிலங்களவையில் அளித்த விடையின்படி, சிப்காட் பகுதி நிலத்தடி நீரில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் முதலியன குடிநீருக்கான வரம்பை மீறியிருந்தன. அதே வளாகத்தில் வேறு ஆலைகளும் உள்ளன; எது எதன் பங்கு என்பதைப் பிரிக்க ஆய்வகத்துக்கு ஆவணத்தின் துணை வேண்டும்.

எழுத்து ஆவணத்துக்கு அப்பாலும் சான்றுகள் உள்ளன. கசடு ஏற்றிய லாரி ஓட்டுநர்களும், மேடாக்கிய மனைகளை வாங்கியவர்களும், கிணற்றைத் தூர்த்த உழவர்களும் இன்னும் வாழ்கின்றனர். வாய்மொழி வரலாற்றுக்கு இதைவிட அவசரமான களம் தென்மாவட்டங்களில் வேறு உண்டா என்பது ஐயமே. 2018க்குப்பின் வழக்குகளின் நினைவு நிழலாடும் ஊர்களில் பேச முன்வருவோரின் பெயரைக் காப்பது ஆய்வாளரின் முதற்கடமை.

6. 2025ஆம் ஆண்டு விதிகளும் ஆவணங்களின் நிலையும்

மாசுற்ற தளங்களுக்கெனத் தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. அதற்கு முன்னரே நாடு முழுவதும் 103 தளங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவற்றுள் ஏழில் மட்டுமே தூய்மைப்பணி தொடங்கியிருந்தது. புதிய விதிகளின்படி, ஐயத்துக்குரிய தளங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கொருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களுக்குள் முதனிலை மதிப்பீட்டையும், அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும்.

தொண்ணூறு நாட்களில் இருபது ஊர்களின் ஐம்பதாண்டு அடங்கலைப் படித்தல் இயலாது. தூத்துக்குடியைப் பொறுத்தவரை அப்பணி பட்டியலிடுவதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டும். பட்டியலிடும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருப்பது இதற்கு வாய்ப்பானது. அடங்கலும் ‘அ’ பதிவேடும் அவருடைய நிர்வாகத்தின் கீழ்தான் உள்ளன. நடைமுறையில் ஒரு தடை உண்டு. பழைய கைப்பட எழுதிய அடங்கல்கள் குறிப்பிட்ட காலத்துக்குப்பின் கழிக்கத்தக்கவையாகவே கருதப்படுகின்றன. கணினிப் பதிவோ அண்மைக் காலத்தையே காட்டுகிறது. ஆலை வருமுன் இருந்த நிலத்தின் ஒரே தொடர்ச்சியான பதிவு, பயனற்ற பழந்தாளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆலையைச் சுற்றிய ஊர்களின் அடங்கல்களைக் கழிப்பதிலிருந்து விலக்கி, படியெடுத்து, மாவட்ட ஆவணக் காப்பகத்தில் சேர்க்க ஆட்சியரின் ஓர் ஆணை போதும்.

விதிகளின்படி தளத்தின் எல்லை எங்கே வரையப்படும் என்பது அதனினும் கடினமான வினா. சிப்காட் ஒதுக்கீட்டு எல்லையையே தள எல்லையாகக் கொண்டால், உப்பாற்று ஓடைக்கரையும் கசடு கொட்டிய பட்டா நிலங்களும் பட்டியலுக்கு வெளியே நிற்கும்; ஆலைத்தளம் தூய்மையானது எனச் சான்று பெற்று விற்பனையாகும் நாளிலும் அவை அப்படியே இருக்கும். பாரின் எல்லையைப் பழைய அலுவலர்கள் அலுவலகத்தில் வரையவில்லை. முக்குளிப்போர் இறங்கி, சிப்பி முடியுமிடம் வரை சென்று, அங்கே மிதவை இட்டனர். தூத்துக்குடித் தளத்தின் எல்லையை அதே வழியில், மாசு முடியுமிடம் வரை மாதிரி எடுத்துச் சென்று வரைவதாயின், உருக்காலையின் வேலியோடு அது நிற்க வாய்ப்பில்லை. அவ்வாறு விரியும் எல்லைக்குள் சிப்காட் மீட்டெடுத்த 342 ஏக்கரில் எவ்வளவு விழும் என்பதை அறிந்த பின்னரே அந்நிலத்தை அடுத்த நிறுவனத்துக்கு ஒதுக்குவது முறையாகும்.